பிறந்த வீட்டுச் சீதனம்!

என் தம்பிக்கு வயது 38. ஒல்லி உடம்பு, சிகரெட், வெற்றிலை எதுவும் கிடையாது. சென்ற வருஷம் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் மின்சார ரயிலுக்கு நின்றவன், "மாரை அடைக்குது" என்று பெஞ்சில் சாய்ந்துவிட்டான். மாரடைப்பு! நல்ல வேளை, பிழைத்தான்.

"என் சமையல்தான் காரணமோ?" என்று அம்மா அழுதாள். டாக்டர் அவன் குதிகாலுக்கு மேலே தடித்திருந்த நரம்பைத் தொட்டுப் பார்த்தார். "சமையல் இல்லேம்மா, இது பரம்பரை. வீட்ல எல்லாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார்.

எனக்குப் பகீரென்றது. அம்மாவைப் பெற்ற தாத்தா 45 வயதில் கழனியில் சாய்ந்தவர். காத்து கருப்பு என்றார்கள். நான் கட்டிக்கொண்டிருப்பதோ அம்மாவின் தம்பியை!

விஷயம் இதுதான், சகோதரிகளே. ரத்தத்திலுள்ள எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கல்லீரல் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும். பிறவியிலேயே அந்தப் பிடிமானம் குறைந்தால், பத்தியம் இருந்தாலும் கொலஸ்ட்ரால் தேங்கும். இதைக் கண்டறிந்த அமெரிக்க டாக்டர்கள் பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்தக் குறை உண்டு. லெபனான் மக்கள், கனடாவின் பிரெஞ்சு வம்சத்தார், தென்னாப்பிரிக்க வெள்ளையர் போன்றோரிடம் இன்னும் அதிகம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவருக்கும் இருந்தாலோ, நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு இரு பக்கமிருந்தும் வந்து சேரும். பள்ளி வயதிலேயே இதயம் பாதிக்கலாம். சொந்தத்தில் மணந்தவர்கள் அதனால்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

ரிசல்ட் வந்தது. எனக்கு எல்.டி.எல். 212. பெரியவர்களுக்கு 190-ஐத் தொட்டாலே பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டுமாம். அம்மாவுக்கும் அதிகம். என் கணவருக்கு 112. அப்பாடா! மகனுக்கும் சரியாக இருந்தது. ஆனால் பத்து வயது மகளுக்கு 188.

"எனக்கும் மாமா மாதிரி ஆயிடுமாம்மா?" என்றாள் குழந்தை.

"மாமாவுக்கு முன்னாடியே தெரியலே கண்ணு. உனக்குத் தெரிஞ்சுபோச்சே!" என்றேன்.

இப்போது நானும் அவளும் டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிடுகிறோம். வடை, அப்பளம் எப்போதாவதுதான். மாலையில் இருவரும் நடக்கிறோம். இந்த மாத்திரை சாப்பிடும் இளம் பெண்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் குடும்பத்தில் 55 வயதுக்குள் ஆணுக்கோ, 60-க்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருக்கிறதா? சமையலை நொந்துகொண்டு உட்காராதீர்கள். பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் புறப்படுங்கள்.