தோளில் பை... எதிரில் கடல்... பக்கத்தில் யாரு?

காலேஜ்ல உங்க முதல் ஃப்ரெண்ட் எப்படிக் கிடைச்சாங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரும்பாலும் ரோல் நம்பர்தான் காரணமா இருக்கும்! அட்டெண்டன்ஸில் உங்களுக்கு அடுத்த பேரு, லேப்ல ஒரே டேபிள், ஹாஸ்டல்ல ஒரே ரூம், காலேஜ் பஸ்ல ஒரே ஸ்டாப்பிங். நாம தேடிப் போய்ப் பிடிச்ச நட்பு ரொம்பக் குறைவு. நிர்வாகம் பக்கத்துல உட்கார வெச்சுது, நாம பேச ஆரம்பிச்சோம். அவ்வளவுதான்.

டிகிரி முடிச்சு பெங்களூருக்கோ புனேவுக்கோ வேலைக்குப் போனா? அங்கே ரோல் நம்பர் கிடையாது பாஸ்! ஆபீஸ், ரூம், மொபைல்னு நாள் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேச ஆள் இல்லாம சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிற சீனியர்கள் நிறைய பேர். முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட போய்ப் பேசுறதை எந்த சிலபஸும் சொல்லித் தர்றதில்லை. அதுக்கு ஒரு பிராக்டிகல் கிளாஸ் வேணும்னா, தோள்ல ஒரு பையை மாட்டிக்கிட்டு பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறுங்க!

ஏன் பாண்டி?

முதல் காரணம், பாக்கெட் மணி. சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா சுமார் 150 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து 40 கிலோமீட்டர் அளவுதான். ஊரும் சின்னது. வாடகை சைக்கிள் ஒண்ணு போதும்.

ரெண்டாவது காரணம், ஆட்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள், ஆசிரமத்தையொட்டி வாழும் வங்காளிகள், ஒடிசாக்காரர்கள், குப்பங்களில் மீனவர்கள்... எல்லாரும் ஒரே ஊருக்குள்ளே! கொஞ்சம் வடக்கே போனா ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ல் அதைத் தொடங்கினபோது 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஒரே தாழியில் போட்டாங்க.

மூணாவது காரணம், கடற்கரைச் சாலை. சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலையைச் சுற்றி குழந்தைகள் ஓடும், பெரியவங்க காத்து வாங்குவாங்க, காலேஜ் பசங்க கருங்கல் பாறைகளைப் பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. ஹாரன் சத்தம் இல்லாத இடத்துலதான் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஒரு வார்த்தை பேசத் தோணும்.

கும்பலாகப் போனால்...

ஆறு பேர் கும்பலா கிளம்புறோம். பஸ்ல நமக்குள்ளேயே பேச்சு, பீச்ல நமக்குள்ளேயே போட்டோ, ராத்திரி நமக்குள்ளேயே அரட்டை. திரும்பி வந்தா மொபைல்ல முந்நூறு படம் இருக்கும். புதுசா ஒரு பேரு இருக்காது! தப்பு ஒண்ணும் இல்லை, ஜாலியா இருந்தாச்சு. ஆனா ஆறு பேர் வட்டமா உட்கார்ந்திருந்தா, ஏழாவது ஆள் வந்து பேச மாட்டார்.

வழி இருக்கு. ரெண்டு மூணு பேரா போங்க. கும்பலாப் போனாலும் சாயங்காலம் 4-லிருந்து 6 வரை தனித்தனியா பிரிஞ்சுடுங்க. 'யாரு யாரைச் சந்திச்சோம்'னு ராத்திரி சாப்பாட்டுல கதை சொல்லணும்னு ஒரு பந்தயம் வெச்சுப் பாருங்க. ட்ரிப்பே வேற மாதிரி ஆயிடும்!

மாடிக் கட்டில் மகிமை

தனி ரூம் எடுத்தா கதவைச் சாத்திக்குவோம். டார்மிட்டரியில் மேல்கட்டில்ல ஒருத்தர், கீழ்க்கட்டில்ல ஒருத்தர். சார்ஜர் பாயிண்ட்டுக்கு நடக்கிற பஞ்சாயத்தே முதல் பேச்சா ஆகிடும்! இந்த ஐடியாவுக்குப் பின்னாடி ஒரு வாத்தியார் இருக்கார். ஜெர்மனியைச் சேர்ந்த ரிச்சர்டு ஷிர்மான், 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போனப்போ இடி மழையில் மாட்டிக்கிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழிச்சார். 'நடந்து ஊர் சுத்துற பசங்களுக்கு எல்லா ஊர்லயும் இப்படி ஒரு இடம் இருந்தா என்ன?'ங்கிற யோசனை வந்தது. 1912-ல் ஆல்டெனா கோட்டையில் யூத் ஹாஸ்டல் ஆரம்பமாச்சு. இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கிற பேக்பேக்கர் ஹாஸ்டல்களுக்கு அதுதான் பாட்டி வீடு!

ஒரு விஷயம் கவனிங்க. சில ஹாஸ்டல்கள் உள்ளூர் முகவரி உள்ள அடையாள அட்டையை ஏத்துக்கிறதில்லை. கிளம்புறதுக்கு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுடுங்க. சனி, ஞாயிறு வாடகை எகிறும். முடிஞ்சா வார நாள்ல போங்க.

ரெண்டாம் தடவை போங்க!

ஒரே நாள்ல பத்து இடம் பார்க்கணும்னு ஓடினா பத்து இடம் கிடைக்கும், ஆள் கிடைக்காது. நேத்து டீ குடிச்ச கடைக்கே இன்னிக்கும் போங்க. நேத்து உட்கார்ந்த அதே திண்டுல இன்னிக்கும் உட்காருங்க. முதல் நாள் நீங்க டூரிஸ்ட். ரெண்டாம் நாள் 'அட, நேத்து வந்த தம்பி!'

அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்கிற ஆய்வாளர் 2018-ல் வெளியிட்ட கணக்கு சுவாரஸ்யமானது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக மாற சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவழிக்கணுமாம்! ரெண்டு நாள் ட்ரிப்பில் முழிச்சிருக்கிறதே முப்பது மணி நேரம்தான். அதனால, 'பாண்டி போனேன், உயிர் நண்பன் கிடைச்சான்'னு சினிமா எதிர்பார்ப்பு வேண்டாம். விதை போட்டா போதும்.

சும்மா உட்கார்ந்து பேசுறதைவிட சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது அந்த விதை சீக்கிரம் முளைக்கும். செரினிட்டி பீச் பக்கம் அலைச்சறுக்கு கத்துத் தர்றாங்க. பத்து பேர் வரிசையா தண்ணிக்குள்ள விழுந்தா வெட்கமெல்லாம் போயிடும்! ஞாயிற்றுக்கிழமைன்னா மகாத்மா காந்தி ரோட்டில் சண்டே மார்க்கெட். பழைய புத்தகத்தைப் புரட்டுற ஆள்கிட்ட 'இது எப்படி இருக்கும்?'னு கேட்டாலே பேச்சு ஆரம்பம். பிரெஞ்சுக்காரங்க விட்டுட்டுப் போன பெத்தாங்க் விளையாட்டை, இரும்புக் குண்டு உருட்டி ஆடுற நம்ம ஊர் அண்ணன்களைப் பார்த்தா, பக்கத்துல நின்னு ரூல்ஸ் கேளுங்க.

இங்கிலீஷ் பயமா?

'எனக்கு ஃப்ளூயண்ட்டா வராதே...' இதுதானே தயக்கம்? ஜெர்மன்காரருக்கும் கொரியாக்காரருக்கும்கூட இங்கிலீஷ் இரவல் மொழிதான். அவங்களும் வார்த்தை தேடித்தான் பேசுவாங்க. அது மட்டுமில்லை, இந்த ஊர்ல துருப்புச் சீட்டு உங்க கையில்தான்! ஆட்டோ அண்ணன்கிட்டயும் மீன் விக்கிற அக்காகிட்டயும் தமிழ்ல பேசத் தெரிஞ்ச ஆள் நீங்கதான். கொல்கத்தாவிலிருந்து வந்த மாணவிக்கு பஸ் போர்டைப் படிச்சுச் சொல்லுங்க, புவனேஸ்வர்க்காரருக்கு மெனுவை விளக்குங்க. உதவியில் தொடங்கின பேச்சுக்கு கிராமர் தேவையில்லை.

ஒரு வேண்டுகோள். வெள்ளைத் தோலைப் பார்த்ததும் ஓடிப்போய் செல்ஃபி கேட்காதீங்க ப்ளீஸ். அவங்க காட்சிப் பொருள் இல்லை. வைத்திக்குப்பத்தில் வலை பிரிக்கிற உங்க வயசுப் பையன்கிட்ட பேசவும் அதே ஆர்வம் இருக்கணும். கடலைப் பத்தி அவனுக்குத் தெரிஞ்சது எந்த கைடுக்கும் தெரியாது.

பாரதிக்கே கிடைத்த ஊர்!

1908-ல் பிரிட்டிஷ் போலீஸின் கெடுபிடிக்குத் தப்பி பாரதி புதுவைக்கு வந்தபோது வயசு 25. புது ஊர், ஒற்றர்கள் தொல்லை, கையில் காசு இல்லை. பத்து வருஷம் இருந்தார். அங்கே ஒரு கல்யாண விருந்தில் ஒரு இளம் ஆசிரியர் பாரதியின் பாட்டைப் பாடினார். எழுதினவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கார்னு அவருக்குத் தெரியாது! கனக சுப்புரத்தினம்ங்கிற அந்த வாத்தியார்தான் பிறகு 'பாரதிதாசன்' ஆனார். 1921-ல் திருவல்லிக்கேணியில் யானை தள்ளி விட்டபோது உள்ளே பாய்ஞ்சு பாரதியைத் தூக்கி வந்த குவளைக்கண்ணனும் புதுவையில் கிடைச்ச நண்பர்தான்.

கதையில்கூட இந்த ஊர் அப்படித்தான். யான் மார்ட்டல் எழுதி 2002-ல் புக்கர் பரிசு வாங்கின 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையில், ஊர் சுத்த வந்த எழுத்தாளருக்கு நேரு வீதி இந்தியன் காபி ஹவுஸில் ஒரு பெரியவர் அறிமுகமாகிறார். முழு நாவலும் அந்தப் பேச்சிலிருந்துதான் கிளம்புது. கற்பனைதான். ஆனா காபி ஹவுஸ் நிஜம்!

கொஞ்சம் உஷார்!

* முதல் நாள் நட்புக்கு உங்க பர்ஸ், ரூம் சாவி, மொபைல் பாஸ்வேர்டு எதுவும் தெரிய வேண்டாம்.

* 'வா மச்சி, சரக்கு என் செலவு'ன்னு ஆரம்பிக்கிற சிநேகத்துக்கு ஒரு கும்பிடு. உங்க டம்ளரை விட்டு எழுந்து போனா, திரும்பி வந்து அதைக் குடிக்காதீங்க.

* பாறைகள் வழுக்கும், அலை இழுக்கும். புது ஃப்ரெண்ட் முன்னாடி ஹீரோ ஆகுற இடம் கடல் இல்லை.

* தோழிகளே, பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க. தங்குற இடத்தோட முகவரியும் போன் நம்பரும் வீட்டில் ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். பிரச்னைன்னா 112, பெண்கள் உதவிக்கு 181. மனசுக்கு ஏதோ சரியில்லைன்னு பட்டா எழுந்து வந்துடுங்க, காரணம் சொல்லத் தேவையில்லை.

* பசங்களா, தனியா ஒரு பொண்ணு ஊர் சுத்துறது உங்களுக்கான அழைப்பு இல்லை. ஒரு கேள்விக்கு ஒத்தை வார்த்தையில் பதில் வந்தா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

பஸ் கிளம்பின பிறகு...

நம்பர் வாங்கிட்டு 'ஹாய்', 'சாப்டியா'ன்னு அனுப்பினா ஒரே வாரத்தில் அது அணைஞ்சுடும். அவங்களை எடுத்த போட்டோ, கேட்ட புத்தகத்தோட பேரு, சொன்ன ஊருக்குப் போற பஸ் விவரம்... இப்படி உபயோகமா ஒண்ணு அனுப்புங்க. அவங்க உங்க ஊருக்கு வந்தா வீட்டுச் சாப்பாடு போடுங்க. 50 மணி நேரக் கணக்கு அப்படித்தான் நிரம்பும். சில சிநேகம் பஸ் ஸ்டாண்டோட முடிஞ்சுடும். பரவாயில்லை. அரைமணி நேரம் ஒரு புது மனுஷனோட பயமில்லாம பேசின தெம்பு உங்களோட ஊர் வரும்.

அடுத்த லீவுக்கு பையை எடுத்து வையுங்க. அங்கே யாரும் உங்க பேரைக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாங்க. 'உள்ளேன் ஐயா!'ன்னு நீங்களாத்தான் போய் நிக்கணும்!