அனுபவம் இல்லை என்று தயங்கும் தாய்மார்களுக்கு: ஓசூர் பகுதியில் வேலை தேடும் முன் அறிய வேண்டியவை

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்த நேரம், ஒரு சகோதரி தன் தாயாருடன் பள்ளிவாசல் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் லாரி ஓட்டுநர். விபத்தில் முதுகில் அடிபட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். வாடகை ஜமாஅத் உதவியில் போகிறது.

"ஹஜ்ரத், நான் வேலைக்குப் போகலாமா? போனாலும் என்னை யார் எடுப்பாங்க? படிச்சது பத்தாவது. நிக்காஹ்வுக்கு முன்னாடி ஒரு வருஷம் கார்மென்ட்ஸில் இருந்ததோட சரி" என்றார்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது. குடும்பச் செலவு கணவனின் பொறுப்பு. அவர் முடங்கும்போது உறவினரும் ஜமாஅத்தும் தாங்க வேண்டும். அதற்காக மனைவி உழைக்கக் கூடாது என்று பொருளல்ல. ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்தபோது தம் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கப் போக விரும்பினார். ஒருவர் கண்டித்தார். அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடமே சென்று கேட்டபோது, அவர்கள் அனுமதி கொடுத்ததோடு, அந்த வருமானத்திலிருந்து அவர் தர்மமும் நன்மையும் செய்யக்கூடும் என்றார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. மனைவி சம்பாதிப்பது அவளுடைய சொத்து. கணவனுக்காக அதைச் செலவிட்டால் உறவைப் பேணிய நன்மை, தர்மத்தின் நன்மை என இரண்டு உண்டு.

இரண்டாவது கேள்விதான் கடினம். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஓசூரில் இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. போச்சம்பள்ளி ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா நிறுவனம் 2021இல் அறிவித்தது. ஆனால் பெரிய ஆலைகள் பலவும் தேடுவது, விடுதியில் தங்கி எந்த ஷிப்டுக்கும் வரக்கூடிய இளம் பெண்களை. ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள் என்று பாக்ஸ்கான் தரப்பு கூறியது. எப்படியானாலும், ஒரு கேட்டில் திருப்பி அனுப்பப்பட்ட தாய் அதைத் தன் குறையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தாய்மாருக்கு வாய்ப்புள்ள இடங்கள் வேறு. ஆயத்த ஆடை நிறுவனங்கள், உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள், ஓசூரைச் சுற்றியுள்ள பசுமைக்குடில் ரோஜாத் தோட்டங்களின் தரம் பிரிக்கும் கூடங்கள், மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி பகுதியின் மாங்கூழ் ஆலைகள், மருத்துவமனை வரவேற்பு, பள்ளி உதவியாளர் பணி. இங்கே மொழியும் ஒரு தகுதி. வீட்டில் உருது, தெருவில் தமிழ், சந்தையில் தெலுங்கு, கன்னடம் என்று பேசிப் பழகிய பெண்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. அதை ஒரு திறமையாக அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை.

பழைய அனுபவத்தையும் தூசி தட்டி எடுக்க வேண்டும். அந்தச் சகோதரியிடம் அனுபவச் சான்று இல்லை. பழைய பி.எஃப். எண் இருந்தது. எந்த நிறுவனத்தில் எப்போது வேலை செய்தார் என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி. அதில் எடுக்கப்படாத பணமும் இருக்கலாம். அடுத்து ஆதார், மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிக்காஹ்வுக்குப் பின் பெயரில் கணவர் பெயரைச் சேர்த்தவர்களுக்கு இங்கேதான் சிக்கல் வருகிறது.

கிருஷ்ணகிரியிலுள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவு செய்யுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதியலாம். தொழில் கற்க நினைப்பவர்கள் அறிய வேண்டியது: தமிழ்நாட்டின் அரசு ஐ.டி.ஐ.களில் சேரப் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. ஓசூரிலேயே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

இனி, எதைப் பார்த்துச் சேர்வது? பலர் கையில் வரும் தொகையை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஓர் உதாரணக் கணக்கு. கான்ட்ராக்டர் ஒருவர் 12,000 ரூபாய் ரொக்கமாகத் தருகிறார். ஒரு நிறுவனமும் 12,000 தருகிறது. ஆனால் பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாயும், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், அதாவது 90 ரூபாயும் பிடிக்கிறது. கைக்கு வருவது 10,470. முதல் வேலைதான் லாபம் என்று தோன்றும். ஆனால் பிடிக்கும் 1,440 உங்கள் சேமிப்பு. முதலாளியும் அதே அளவு தன் பங்கைக் கட்டுகிறார். இ.எஸ்.ஐ.க்கு அவர் தரும் பங்கு 3.25 சதவீதம், 390 ரூபாய். அந்த 90 ரூபாயில் உங்களுக்கு மட்டுமல்ல, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சிகிச்சை கிடைக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். முதுகு வலியோடு படுத்திருக்கும் கணவர் உள்ள வீட்டில் எந்த வேலை லாபம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

சேரும் முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். நியமனக் கடிதம் தருவீர்களா? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி அது கட்டாயம். பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? இரவு ஷிப்டு உண்டா? பெண்ணின் சம்மதமில்லாமல் இரவு வேலை கொடுக்கக் கூடாது. குழந்தைகள் காப்பகம் உண்டா? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு அது சட்டக் கடமை. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி கர்நாடக அரசு நிர்ணயித்தது. நம் நகரப் பேருந்தின் கட்டணமில்லாப் பயணம் எல்லைக்கு அப்பால் உதவாது. கர்நாடகத்தின் சக்தி திட்டம் அம்மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு மட்டும். கம்பெனி வண்டி இல்லையென்றால் பஸ் செலவைக் கழித்துவிட்டுச் சம்பளத்தைப் பாருங்கள். பி.எஃப்.பின் யு.ஏ.என். எண் மட்டும் எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதேதான்.

கடைசியாக வீட்டாருக்கு ஒரு வார்த்தை. வேலைக்குப் போகும் தாய் விடியற்காலையில் சமைத்து, மாலையில் வந்து துவைத்து, இரவில் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றால் மூன்று மாதம் தாங்க மாட்டார். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசை செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த சுன்னத்தையும் நாம் பேண வேண்டாமா? மஹல்லாவில் தொழில் நடத்தும் சகோதரர்களும் பகல் நேர வேலைகளை ஜமாஅத்துக்குத் தெரிவிக்கலாம்.

அந்தச் சகோதரி இரண்டு இடங்களில் திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவதாக ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் பகல் ஷிப்டில் சேர்ந்தார். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளை மாமியார் பார்த்துக்கொள்கிறார். கணவர் படுத்தபடியே வாய்ப்பாடு கேட்கிறார், இ.எஸ்.ஐ.யில் சிகிச்சையும் எடுக்கிறார். போன மாதம் தாயார் வந்து, "இனி வாடகையில் பாதி கொடுத்தால் போதும் என்று மகள் சொல்லச் சொன்னாள்" என்றார். அல்ஹம்துலில்லாஹ்.