மாத்திரைப் பெட்டி – 14: பீர் குடித்த எலும்புகள்

போன வாரம் அமாக்ஸிசிலினும் ஒவ்வாமையும். விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் டாக்ஸிசைக்ளினும் வெயிலும் என்று அறிவித்திருந்தேன். ஆனால் வெயிலுக்கு முன்னால் சூடான் வரை ஒரு நடை போய்வர வேண்டியிருக்கிறது.

நைல் கரையில் பழைய நூபியா. அங்கே தோண்டியெடுத்த மனித எலும்புகள் ஏறத்தாழ கி.பி. 350ஐ ஒட்டிய காலத்தவை. டெப்ரா மார்ட்டின் என்ற ஆய்வாளர் எலும்பை மெல்லியதாகச் சீவி, புற ஊதா ஒளியில் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்தால், மஞ்சளும் பச்சையுமாக மினுங்குகிறது. டெட்ராசைக்ளின் குடும்ப ஆன்டிபயாட்டிக் ஏறிய எலும்பு அப்படித்தான் மினுங்கும். அந்தக் குடும்பத்தின் முதல் மருந்து உலகத்துக்கு அறிமுகமானதே 1948இல்! மார்ட்டினும் இருந்த, ஜார்ஜ் ஆர்மெலகோஸ் என்ற ஆய்வாளரின் குழு 1980இல் இதை 'சயன்ஸ்' இதழில் எழுதியது. புதைத்த பிறகு மண்ணிலிருந்து ஏறியிருக்கும் என்று தள்ளியவர்கள் உண்டு. மார்க் நெல்சன் என்ற வேதியியலாளர் எலும்பையே ஹைட்ரஜன் ஃப்ளோரைடில் கரைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது டெட்ராசைக்ளினேதான். அந்த முடிவு வெளிவந்தது 2010இல்.

எப்படி வந்ததாம்? பீர் வழியாக என்கிறார்கள். டெட்ராசைக்ளினைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மண்ணில் வாழும் பாக்டீரியா. அது தானியத்தில் தொற்றிக்கொள்ள, அந்தத் தானியத்தைப் புளிக்கவைத்துக் கஞ்சி போலக் குடித்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒரு பத்தி போதும் என்பார். இதற்கு நான்கு பக்கம் கொடுத்தாலும் எழுதுவேன்.

ஆனால் சும்மா அங்கே போகவில்லை. டாக்ஸிசைக்ளினும் சேர்ந்த டெட்ராசைக்ளின் வகைக்குக் கால்சியம் என்றால் உயிர். கண்ட இடத்தில் பற்றிக்கொள்ளும். நூபிய எலும்பில் அத்தனை நூற்றாண்டு அது தங்கியதற்குக் காரணம் அதுதான். மாத்திரையைப் பாலோடு விழுங்குவதில் உள்ள சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

நம் வீடுகளில் 'மாத்திரை சூடு, பாலோடு போடு' என்பது எழுதப்படாத சட்டம். டாக்ஸிசைக்ளினை அப்படிப் போட்டால் பாலிலுள்ள கால்சியம் மருந்தைக் கவ்விக்கொள்ள, ஒரு பங்கு ரத்தத்தில் சேராமலே வெளியேறும். டாக்ஸிசைக்ளினுக்கு இந்தத் தொல்லை பழைய டெட்ராசைக்ளினை விடக் குறைவு, இல்லாமல் இல்லை. பாலை விட மோசமானவை இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் மூன்றும். இவற்றில் எதையாவது சாப்பிடுபவர்கள் மருந்துச் சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் சொல்லி, எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைப் புரட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம்.

பல்லும் கால்சியம்தான். பல் உருவாகும் வயதில் டெட்ராசைக்ளின் தந்தால் நிரந்தரக் கறை படியும். அதனால்தான் 8 வயதுக்குக் கீழே இந்த வகையைப் பொதுவாகத் தவிர்த்தார்கள், கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. டாக்ஸிசைக்ளினில் கறை ஆபத்து குறைவு. ஸ்க்ரப் டைபஸ் போல உயிருக்கு உலை வைக்கும் காய்ச்சலில் குழந்தைக்கும் டாக்டர்கள் அதைக் கொடுக்கிறார்கள். டாக்டர் எழுதியிருந்தால் பல்லுக்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள். அண்ணனுக்கு வாங்கியதில் மிச்சத்தைத் தம்பிக்கு நீங்களாகக் கொடுக்கவும் கூடாது.

இன்னொன்று, பலர் அனுபவித்தபிறகே தெரிந்துகொள்வது. இரவு படுக்கையில் சாய்ந்தபடி ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்குகிறோம். மாத்திரை இரைப்பைக்குப் போகாமல் உணவுக்குழாயில் ஒட்டி அங்கேயே கரைகிறது. அதன் அமிலத்தன்மை அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நடு நெஞ்சு சுள்ளென்கிறது. மாரடைப்போ என்று பதறுகிறோம். பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர், உட்கார்ந்தோ நின்றோ விழுங்கல், அரை மணி நேரம் படுக்காமல் இருத்தல்: இவ்வளவுதான் வேலை. ராத்திரி வேளையைச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், தூங்கப் போகும் நேரத்துக்குத் தள்ளாதீர்கள். அதையும் மீறி நெஞ்சு வலித்தால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

வெயில் அடுத்த வாரம். அதற்குள் இந்த மாத்திரை சாப்பிடுபவர்கள் உச்சி வெயிலில் குடையோடு போங்கள். தோல் சட்டென்று கன்றும். கூடவே ஒரு விஷயம்: 1948இல் வந்த அந்த முதல் டெட்ராசைக்ளின் வகை மருந்தை வெளிக்கொண்டுவந்த லெடர்லி ஆய்வகத்துக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அவரை எழுத உட்கார்ந்தால் வெயிலுக்கு இடமிருக்குமா என்பது சந்தேகம்தான்.