இறால் ஓட்டின் வரவு செலவு

2022–23இல் இந்தியா ஏற்றுமதி செய்த உறைந்த இறால் 7,11,099 டன். வந்த பணம் 43,135.58 கோடி ரூபாய். மறுவருடம் 7,16,004 டன் போயும் 40,013.54 கோடிதான் வந்தது. சரக்கு 4,905 டன் கூட, பணம் 3,122 கோடி குறைவு. கிலோவுக்கு 607 ரூபாய் கிடைத்த இடத்தில் 559. இந்த இறாலில் பாதிக்கு மேல் ஆந்திரத்துக் குட்டைகளில் வளர்ந்தது. கிலோவுக்கு எத்தனை இறால் என்ற கணக்கில் போடும் கவுண்ட் விலை சரியும்போதெல்லாம் ஓட்டையாவது காசாக்கலாமே என்ற பேச்சு கிளம்பிவிடும்.

ஓட்டை நம்பி ஆலை வைப்பதென்றால் முதலில் இடம் பார்க்க வேண்டும். ஆந்திரத்தின் சித்தூருக்குக் கடல் இல்லை. அதிலிருந்து பிரிந்த திருப்பதிக்குக் கடல் கிடைத்ததே 2022 ஏப்ரல் 4 அன்று, அரசாணையால். புது மாவட்டம் பிரித்தபோது நெல்லூரிலிருந்து கூடூர், சூளூர்ப்பேட்டைப் பக்கத்தைத் திருப்பதியில் சேர்த்தார்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் வாகாட்டுப் பக்கத்து வன்னாமி இறால் குட்டைகளும் ஏழுமலையான் மாவட்டத்துக்கு வந்தது அப்படித்தான்.

ஒரு டன் முழு இறாலை உரித்தால் தலையும் ஓடுமாக 400 முதல் 500 கிலோ கழியும். 400 என்றே வைப்போம். முக்கால்வாசி ஈரம் போனால் காய்ந்த ஓடு 100 கிலோ. அதில் கைட்டின் என்ற நார்ப்பொருள் 15 முதல் 40 சதவீதம் வரை இருக்கும், மற்றது புரதமும் சுண்ணாம்பும். 20 சதவீதம் பிடித்தால் 20 கிலோ. அமிலத்தில் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், காரத்தில் புரதம் போகும். மிஞ்சியதை 40, 50 சதவீத காஸ்டிக் சோடாவில் சூடாக்கினால் கைட்டோசான். கைட்டின் சங்கிலியில் 203 மூலக்கூறு எடையுள்ள அலகு 161 ஆகிவிடுவதால் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே போயிற்று. கழுவலில் போவதையும் தள்ளினால் 15 கிலோ தேறும்.

2015இல் நேச்சர் இதழில் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் நிங் யானும் ஷி சென்னும் விலை சொன்னார்கள்: காய்ந்த ஓடு டன் 100 முதல் 120 டாலர், கைட்டோசான் கிலோ 200 டாலர் வரை. நம் 100 கிலோ ஓட்டின் விலை 12 டாலரைத் தாண்டாது, 15 கிலோ கைட்டோசானோ 3,000 டாலர். வாய் பிளக்க வேண்டாம். 200 என்பது உச்ச விலை. கழிவுநீர் தெளியவைக்கவும் வயலுக்கும் போகும் ரகத்துக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. மருந்து ரகம் என்றால் மூலக்கூறு எடை, கன உலோகம், நுண்ணுயிர் நச்சு எல்லாம் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறாமல் இருக்க வேண்டும். வன்னாமி ஓடு அப்படி ஒரே மாதிரி வருவதில்லை.

கைட்டோசானைப் போன்ற கடல் பொருள்மேல் மருந்தை ஏற்றி அனுப்புவது புதிதல்ல. ஊசி போடுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுகிறோமே, பால்போல் கலங்கிய ஐசோஃபேன் இன்சுலின், அதை மெதுவாகக் கரைய வைப்பது சால்மன் வகை மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின். 1936இல் டென்மார்க்கின் ஹேகடார்ன் தொடங்கிவைத்து, 1946இல் இன்றைய வடிவம் வந்தது. 100 யூனிட்டுக்கு சுமார் 0.35 மில்லிகிராம். மில்லிக்கு 40 யூனிட் வீதம் 10 மில்லி கொண்ட நம்மூர்க் குப்பியில் 1.4 மில்லிகிராம்.

பழுப்புக் கடற்பாசியின் அல்ஜினேட் இன்னொரு வகை. அந்தக் கரைசலைக் கால்சியம் குளோரைடில் சொட்டினால் விழுந்த நொடியே மணியாகும். இரைப்பை அமிலத்தில் சுருங்கிக்கொண்டு, குடலில் உப்பி, உள்ளிருக்கும் இரும்புச்சத்தையோ மருந்தையோ விடும். கைட்டோசான் இதற்கு நேர்மாறு: அமிலத்தில் கரைந்து, நேர்மின்னூட்டம் பெற்று, சளிப்படலத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் இரண்டையும் சேர்த்தே பூசுகிறார்கள்.

ஒரு மாத்திரைக்கு 100 மில்லிகிராம் கைட்டோசான் என்று வையுங்கள். கிலோ 200 டாலரிலும் அது 2 சென்ட்தான், நோயாளிக்குச் சுமையில்லை. சுமை வேறு பக்கம். ஒரு கிலோ கைட்டோசானுக்கு ஒரு டன்னுக்கு மேல் தண்ணீர் தேவை என்று அந்த நேச்சர் கட்டுரையே சொல்கிறது. மாதம் ஒரு டன் தயாரிக்கும் ஆலைக்கு 10 லட்சம் லிட்டர், அதாவது 10,000 லிட்டர் டேங்கர் லாரி நூறு. சித்தூர் மேட்டில் ஆயிரம் அடி போர் போட்டும் புகை வரும் ஊர்களில் இதற்கு வழியில்லை. கடலோரமாக வைத்தாலோ, உப்பும் காரமுமாக வெளியேறும் தண்ணீர் போய்ச் சேரும் தாழ்வு பழவேற்காடு ஏரி. திட்ட அறிக்கையில் ஓட்டு விலைக்கு முன்னால் எழுத வேண்டியது இந்த நூறு லாரிச் செலவையும், வெளியேறும் நீரைச் சுத்திகரிக்கும் செலவையும்தான்.