முட்டை குடிக்கும் கோழி

காலையில் கூண்டைத் திறந்தால் முட்டை இல்லை. வைக்கோலில் ஈரம், நாலைந்து ஓட்டுத் துண்டுகள், ஒரு கோழியின் அலகில் காய்ந்த மஞ்சள் கரு. இன்னொரு கோழி முதுகில் இறகில்லாமல் மூலையில் ஒடுங்கி நிற்கிறது. மூன்றாவது கோழி, அடியில் முட்டையே இல்லாதபோதும் அடையை விட்டு எழ மறுக்கிறது. வீட்டில் முட்டைக் கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் இவை. “பழகிடுச்சி, இனிமே நிக்காது; அறுத்துடு” என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்கு முன் கோழியின் தரப்பையும் கேட்க வேண்டும். கோழியின் நடத்தையை நூறு ஆண்டுகளாக ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தவற்றைப் பார்த்தால், நாம் கெட்ட பழக்கம் என்று சொல்வதில் பெரும்பகுதி இடமும் தீனியும் வெளிச்சமும் சரியில்லாததன் விளைவு என்பது தெரியும்.

இதைக் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பூங்காக்கள் பரவின. சுங்குவார்சத்திரத்திலும் சாம்சங், ஃபாக்ஸ்கான் ஆலைகள் வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களில் தொழிலாளர்களுக்கான வாடகை அறைகள் வரிசையாக எழுந்தன. களமும் வைக்கோல் போரும் எருக்குழியும் இருந்த வீடுகளில் கொல்லைப்புறம் சுருங்கியது. ஆனாலும் கோழி வளர்ப்பை விட மனமில்லாதவர்கள் பலர். அவர்களுடைய கோழிகள் இன்று மாடிப்படிக்கு அடியிலோ, மதிலோரத்திலோ, மொட்டை மாடியிலோ கம்பிவலைக்குள் வாழ்கின்றன. ஊரெல்லாம் மேய்ந்து, பொழுது சாய்ந்ததும் வந்து அடைகிற பறவைக்கு இது புதிய வாழ்க்கை. தொல்லைகள் தொடங்குவதும் இங்கேதான்.

கொத்த மண் இல்லாவிட்டால்

வீட்டுக் கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அந்த இனப் பறவைகள் ஒரு நாளை எப்படிக் கழிக்கின்றன என்று இங்கிலாந்து விலங்கியலாளர் மரியன் டாக்கின்ஸ் கணக்கெடுத்து 1989இல் வெளியிட்டார். வேளாவேளைக்குத் தீனி வைத்தும், பகல் பொழுதில் சுமார் 60 விழுக்காடு நிமிடங்களில் அவை தரையைக் கொத்திக்கொண்டிருந்தன. வயிறு நிறைந்த பிறகும் கிளறுவதையும் கொத்துவதையும் கோழி நிறுத்துவதில்லை. அது அதன் பிறவிக் குணம். சிமெண்டுத் தரையில் கொத்த எதுவும் கிடைக்காதபோது, பக்கத்தில் நிற்கும் கோழியின் இறகுதான் கண்ணில் படுகிறது. இறகு பிடுங்குவது தரையைக் கொத்தும் உந்துதல் திசைமாறியதன் விளைவு என்று 1980களில் நெதர்லாந்து ஆய்வாளர் ஹாரி ப்ளோக்ஹௌஸ் விளக்கினார். பின்வந்த ஆய்வுகள் பலவும் அதற்கு வலுச் சேர்த்தன.

இதைக் கோழிகளுக்கு இடையிலான சண்டையோடு சேர்த்துவிடக் கூடாது. யார் பெரியவள், யார் சின்னவள் என்ற வரிசை எந்தக் கோழிக் கூட்டத்திலும் உண்டு. நார்வேயின் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே இந்தக் கொத்து வரிசையை 1921இல் எழுதி உலகுக்குச் சொன்னார். வரிசைக்கான கொத்து தலையிலும் கொண்டையிலும் விழும். சில நாட்களில் அடங்கிவிடும். இறகு பிடுங்குவது முதுகிலும் வால் அடியிலும் நடக்கும்; தானாக அடங்காது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்றுக்கொள்ளும். தோல் கிழிந்து ரத்தம் தெரிந்துவிட்டால் எல்லாக் கோழிகளும் அந்த இடத்தையே கொத்தும். சில வேளை உயிரே போய்விடும்.

ஆகவே காயம்பட்ட கோழியை அன்றே பிரித்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, ஆறிய பின் சேர்க்க வேண்டும். மற்ற கோழிகளுக்குக் கொத்த வேலை கொடுக்க வேண்டும். தரையில் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல், காய்ந்த சருகு, உமி பரப்பி, தானியத்தில் ஒரு பங்கைத் தட்டில் வைக்காமல் அதற்குள் தூவலாம். அகத்தி, முருங்கைக் கொத்தை எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிடலாம். இரவில் அடைய மட்டும் என்றால் கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி போதும். பகலிலும் அடைத்து வைப்பதானால் 10 சதுர அடியாவது வேண்டும். அந்த இடம் இல்லாத வீட்டில் ஐந்துக்குப் பதில் இரண்டு கோழி வளர்ப்பதே நியாயம்.

பேனும் செல்லும் பிடித்த கோழியும் தன் இறகைத் தானே பிடுங்கும். மணலும் சாம்பலும் கலந்த ஒரு குழி அல்லது பழைய அன்னக்கூடை இருந்தால் அது மண்குளியல் போட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளும். வெளிச்சமும் முக்கியம். இரவெல்லாம் மின்விளக்கு எரியும் இடத்தில் கூண்டு இருந்தால் கோழி ஓய்வதில்லை. கடும் வெளிச்சத்தில் கொத்தலும் கூடும். ஷிஃப்டு வேலைக்காக விடிய விடிய விளக்கெரியும் வளாகங்களில் கூண்டின் அந்தப் பக்கத்தைச் சாக்கால் மறைப்பது அவசியம். ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்வது இயற்கை. அதை நோய் என்றோ பழக்கம் என்றோ எண்ண வேண்டியதில்லை. ஆனால் புதிதாக முளைக்கும் இறகின் தண்டில் ரத்தம் ஓடும் என்பதால் அந்த நாட்களில் கூடுதல் கவனம் தேவை.

ஓட்டுக்குள் இருக்கும் கணக்கு

முட்டை குடிப்பது பெரும்பாலும் ஒரு விபத்தில் தொடங்குகிறது. ஓடு மெலிந்த முட்டை கூட்டில் உடைகிறது; கோழி சுவைத்துப் பார்க்கிறது; பிறகு தானே உடைக்கக் கற்கிறது. ஆகவே ஓடு ஏன் மெலிந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. மேய்ந்து திரிந்த பழைய நாட்டுக்கோழி இட்ட முட்டைகள் குறைவு. நத்தை, புழு, சுண்ணாம்புக் காரை என்று தேவையானதை அது தேடித் தின்றது. இன்று பலர் வளர்ப்பது ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற கலப்பினங்களை. கொல்லைப்புறத்திலேயே ஆண்டுக்கு 150 முட்டைக்கு மேல் இடக்கூடியவை அவை. அவற்றுக்கும் குருணையும் மிச்சச் சோறும் மட்டும் போட்டால் கணக்கு எங்கே பொருந்தும்? 100 கிராம் அரிசியில் கால்சியம் ஏறக்குறைய 10 மில்லிகிராம்தான். பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. அதுவும் தீர்ந்தால் ஓடு தாளாகிறது.

கோடை இதை இன்னும் கடினமாக்குகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. இரைக்க இரைக்கக் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் கோழி மெல்லிய ஓட்டு முட்டை இடுவதற்கு இது முக்கியக் காரணம். கூரை மேல் ஓலையோ நனைத்த சாக்கோ, நாள் முழுதும் குளிர்ந்த தண்ணீர், நல்ல காற்றோட்டம் ஆகியவைதான் இதற்கு மருந்து.

கால்சியத்துக்குக் கிளிஞ்சல் போதும். அதைத் தூளாக்காமல் சிறு துண்டுகளாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில், மாலையில் வைக்க வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. மாலை நேரத்தில் முட்டைக்கோழி கால்சியத்தைத் தானே தேடித் தின்னும். குஞ்சுகளுக்கு இது எட்டக் கூடாது. அளவுக்கு மிஞ்சிய கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வீட்டு முட்டை ஓட்டைப் போடுவதானால் காயவைத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நொறுக்கிப் போடவேண்டும். புரதமும் உப்பும் குறைந்த தீனியும் இறகையும் முட்டையையும் நாட வைக்கும். சாணமும் வைக்கோலும் நிரப்பி நனைத்த பானையை இரவில் கவிழ்த்து வைத்துக் கரையான் பிடித்துப் போடுவது நம் ஊர்களின் பழைய அறிவு. அதில் நல்ல புரதம் கிடைக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தையும் சேர்த்துக் கொடுத்தால் மற்றச் சத்துகளும் கிடைத்துவிடும்.

பழக்கத்துக்கு வந்துவிட்ட கோழிக்கு முட்டை ஓட்டுக்குள் மிளகாய் அரைத்து வைப்பார்கள். இது பலிக்காது. மிளகாயின் காரத்தை நமக்கு உணர்த்தும் ஏற்பி கோழிக்கும் உண்டு. ஆனால் கோழியின் ஏற்பி காரத்தால் தூண்டப்படுவதில்லை என்பதை 2002இல் ஸ்வென் எரிக் யோர்ட்டும் டேவிட் ஜூலியஸும் காட்டினார்கள். அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காக ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றார். கோழி மிளகாய் விழுதையும் சேர்த்தே தின்றுவிடும். சூடு வைப்பதும் அலகைத் தேய்ப்பதும் வலியைத்தான் தரும். அதற்குப் பதில் முட்டையிடும் கூட்டை இருட்டாக, மெத்தென்று வைக்கோலிட்டு, நாலைந்து கோழிக்கு ஒன்று என்ற அளவில் அமைக்கலாம். காலையிலேயே இரண்டு மூன்று முறை முட்டையை எடுத்துவிடலாம். கூட்டில் மர முட்டையோ மேசைப்பந்தோ போட்டு வைத்தால், கொத்திப் பார்த்து எதுவும் கிடைக்காமல் கோழி ஓயும். கூட்டின் தரையைச் சரிவாக அமைத்து, இட்டவுடன் முட்டை வெளிப்பக்கம் உருண்டு போகும்படி செய்வது இவற்றிலெல்லாம் நம்பகமான வழி.

அடை குற்றமில்லை

அடைக்கு உட்கார்வதைப் பழக்கம் என்று சொல்வதே தவறு. புரோலாக்டின் என்ற சுரப்புநீர் கூடும்போது முட்டை இடுவது நின்று அடைகாக்கும் உணர்வு எழுகிறது. வயிற்றுத் தோலில் கூட்டின் வெதுவெதுப்பு படப்பட அது நீடிக்கிறது. குஞ்சு வேண்டுமென்றால் கருக்கூடிய முட்டை வைத்து 21 நாள் காத்திருக்கலாம். வேண்டாமென்றால் வைக்கோல் இல்லாத, அடியில் காற்று புகும் கம்பிவலைக் கூண்டில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் பெரும்பாலான கோழிகள் தெளிந்துவிடும். மூக்கில் இறகைச் செருகுவது வெறும் வதை. அதை விட்டுவிட வேண்டும். கண்ட இடத்தில் முட்டையிடும் கோழிக்கு மறைவான கூடும், கூட்டிலேயே தூங்கி அசுத்தமாக்கும் கோழிக்கு அதைவிட உயரத்தில் ஒரு கழியும் போதும். மரத்தில் அடைந்த இனம் எப்போதும் உயரத்தைத்தான் தேடும்.

கொத்தும் குணத்தில் பரம்பரைக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர், அதிக முட்டையிட்ட தனிக் கோழியைத் தேர்ந்தெடுக்காமல், எல்லாக் கோழிகளும் நலமாக இருந்து முட்டையிட்ட கூண்டுகளைத் தேர்ந்தெடுத்துக் குஞ்சு பெருக்கினார். 1996இல் வெளியான அந்த ஆய்வில், அலகு வெட்டாத கோழிகளின் ஆண்டு இறப்பு இரண்டாம் தலைமுறையில் 68 விழுக்காடாக இருந்தது. நான்காம் தலைமுறையில் 8.8 ஆகக் குறைந்தது. நார்வே, பின்லாந்து, ஸ்வீடன் நாடுகள் கொத்தலைத் தடுக்க அலகு வெட்டுவதையே தடை செய்துள்ளன. அலகு நரம்பு ஓடும் உறுப்பு; வீட்டுக் கோழிக்கு அதை வெட்டத் தேவையே இல்லை. அடைவைக்க முட்டை எடுக்கும்போது மற்றதைக் கொத்தாத, சாந்தமான கோழியின் முட்டையாகப் பார்த்து எடுத்தால் போதும்.

ஓடில்லாத தோல்முட்டை திடீரென்று எல்லாக் கோழிகளிடமும் வந்தாலோ, கூடவே கழிச்சலும் சோர்வும் இருந்தாலோ அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வளர்ப்பு முறையில் ஐயம் இருந்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்தும் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் இந்தப் பகுதிக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் கோழி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறுக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன் கூண்டின் நீள அகலத்தை அளந்து பாருங்கள். தரையில் சருகையும் கிண்ணத்தில் கிளிஞ்சலையும் போட்டு மூன்று வாரம் பொறுங்கள். பெரும்பாலான கோழிகளுக்கு அதற்கு மேல் எந்தத் தண்டனையும் தேவைப்படாது.