மலைச்சாலைக்கு எந்த மின்வண்டி?

முதல் மின்ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, ‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?’ மலையூர்க்காரர்கள் கேட்க வேண்டியது வேறு. குன்னூருக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 400 மீட்டர். வண்டியும் ஆளுமாக 200 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க, கணக்குப்படி கால் யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். சாலை, காற்று, மோட்டார் இழப்புகளைச் சேர்த்தாலும் 3 யூனிட் பேட்டரி தாங்கிவிடும். சிக்கல் மோட்டாரில்தான். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் 30 கிலோமீட்டர் வேகம் குறையாமல் ஏற, சுமார் 2 கிலோவாட் இடைவிடாமல் வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் உச்ச சக்தி கொஞ்ச நேரத்துக்கானது. தொடர்ந்து இழுத்தால் மோட்டார் சூடேறி, வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே தொடர் சக்தி எவ்வளவு என்று கேளுங்கள். விற்பனையாளர் தலையைச் சொறிந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

லைசென்ஸும் பதிவும் தேவைப்படாத 250 வாட் வண்டி மலிவாயிற்றே என்பார்கள். அதே ஏற்றத்தில் 150 கிலோவை 250 வாட் இழுத்தால் மணிக்கு 6 கிலோமீட்டர்தான் தேறும், இறங்கி நடக்கலாம். இறக்கத்தில் பேட்டரி மறுபடி நிறையுமே என்பது பாதி உண்மை. செலவானதில் ஒரு பகுதியே திரும்பும். நிறைந்த பேட்டரியில் அதுவும் ஏறாது, மோட்டார் தரும் பிரேக்கும் தளரும். மேட்டில் வீடுள்ளவர்கள் முழு சார்ஜ் ஏற்றாமல் கொஞ்சம் இடம் விடுவது நல்லது. டெஸ்ட் ரைடை ஷோரூம் வாசலோடு முடிக்காமல், பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு ஊரின் செங்குத்தான மேட்டில் நிறுத்தி, அங்கிருந்து கிளப்பிப் பாருங்கள்.