பி.ஆர்க் படிக்க எந்தத் தேர்வு? எவ்வளவு செலவு? கல்விக் கடன் பெறுவது எப்படி? - ஒரு விளக்கம்

புதுடெல்லி: பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வெளியான பின்னரே பல குடும்பங்கள் பி.ஆர்க் எனப்படும் கட்டடக்கலைப் பட்டப்படிப்பு குறித்து விசாரிக்கத் தொடங்குகின்றன. ஆனால், அதற்குள் இந்தப் படிப்புக்கான மூன்று நுழைவாயில்களில் இரண்டு மூடப்பட்டுவிடுகின்றன. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் குறைந்த கட்டணத்தில் படிக்க வழிசெய்வன அவ்விரண்டே என்பதால், விண்ணப்பிக்கும் காலத்தைத் தவறவிடுவது பல லட்சம் ரூபாய் கூடுதல் செலவில் போய் முடியக்கூடும்.

எந்தத் தேர்வு, எந்தக் கல்லூரி?

பி.ஆர்க் ஐந்தாண்டுப் படிப்பு. பிளஸ் 2 வகுப்பில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். கணிதப் பாடத்துடன் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம்.

என்ஐடி கல்லூரிகளிலும், டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய இடங்களில் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகளிலும் சேர ஜேஇஇ மெயின் தேர்வின் தாள் 2ஏ எழுத வேண்டும். தேசிய தேர்வு முகமை நடத்தும் இத்தாள் கணிதம், திறனறிதல், வரைதல் என மூன்று பகுதிகளைக் கொண்டது. மொத்தம் 400 மதிப்பெண்கள். ஜனவரி, ஏப்ரல் என இரு கட்டங்களாக நடைபெறும் இத்தேர்வுக்கான விண்ணப்பப் பதிவு, பிளஸ் 2 பொதுத்தேர்வு முடிவதற்கு முன்பே நிறைவடைந்துவிடும். தேர்ச்சி பெற்றோருக்கான இடங்கள் ஜோசா கலந்தாய்வு மூலம் ஒதுக்கப்படுகின்றன.

காரக்பூர், ரூர்க்கி போன்ற ஐஐடிகளில் நடைமுறை வேறு. தாள் 2ஏ மட்டும் எழுதியவர்களுக்கு அங்கு இடமில்லை. பொறியியலுக்கான தாள் 1 எழுதி, ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்விலும் தகுதி பெற்று, அதன் பின் ஏஏடி எனப்படும் கட்டடக்கலைத் திறனறித் தேர்வை எழுத வேண்டும். ஏஏடி தேர்வுக்குத் தனித் தரவரிசை கிடையாது. அதில் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அட்வான்ஸ்டு தரவரிசைப்படியே இடம் வழங்கப்படும். இதற்கான அவகாசமும் மிகக் குறைவு. 2025-ஆம் ஆண்டில் அட்வான்ஸ்டு முடிவு ஜூன் 2-ஆம் தேதி வெளியானது. ஏஏடி பதிவு மறுநாள் மாலையுடன் முடிவடைந்தது. ஜூன் 5-ஆம் தேதி தேர்வே நடந்துவிட்டது.

மூன்றாவது வாயில் நாட்டா. சிஓஏ எனப்படும் இந்தியக் கட்டடக்கலை கவுன்சில் 2006-ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் இத்தேர்வின் மதிப்பெண்ணை மாநில அரசுகளின் கலந்தாய்வுகளும் பெரும்பாலான தனியார் கல்லூரிகளும் ஏற்கின்றன. தாளில் வரையும் பகுதிக்கு 80, கணினி வழித் தேர்வுக்கு 120 என மொத்தம் 200 மதிப்பெண்கள். 2025-ஆம் ஆண்டில் ஒரு மாணவர் மூன்று முறை வரை எழுத அனுமதிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு ஒரு முறைக்கான கட்டணம் ரூ.1,750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.1,250. தமிழ்நாடு, கேரளம் ஆகிய மாநிலங்களில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் பிளஸ் 2 மதிப்பெண்ணுக்கும் சம அளவு மதிப்பு தரப்படுவதால், பொதுத்தேர்வை அலட்சியம் செய்துவிட்டு வரைதல் பயிற்சியிலேயே மூழ்குவது பலன் தராது. நாட்டாவில் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் என்ஐடியில் சேர அது உதவாது என்பதும் விண்ணப்பதாரர்கள் பலர் தாமதமாகவே அறியும் செய்தி.

பணம் கட்டும் முன்...

1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர்கள் சட்டப்படி, சிஓஏ அமைப்பில் பதிவு செய்தவர்கள் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயரில் தொழில் செய்ய முடியும். கவுன்சிலின் அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் ஐந்தாண்டு படித்துப் பட்டம் பெற்றாலும் இந்தப் பதிவு கிடைக்காது. கல்லூரி விளம்பரங்களில் ஏஐசிடிஇ முத்திரையைக் கண்டு திருப்தி அடைந்துவிடக் கூடாது. கட்டடக்கலைக் கல்வியைப் பொறுத்தவரை சிஓஏ அமைப்பின் விதிமுறைகளே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தீர்ப்பளித்துள்ளது. எனவே, கவுன்சிலின் இணையதளத்தில் உள்ள பட்டியலில் கல்லூரியின் பெயரும், சேரவிருக்கும் கல்வியாண்டுக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும் உள்ளனவா எனப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஐந்தாண்டுக்கு எவ்வளவு?

2016-ஆம் ஆண்டு மாற்றியமைக்கப்பட்ட கட்டண விகிதப்படி என்ஐடிகளில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ரூ.1.25 லட்சம், ஐஐடிகளில் ரூ.2 லட்சம். ஐந்தாண்டுக்குக் கணக்கிட்டால் முறையே ரூ.6.25 லட்சமும் ரூ.10 லட்சமும் ஆகும். விடுதி, உணவுச் செலவு தனி. ஆனால், இத்தொகையைக் கண்டு பின்வாங்குவோர் சலுகை விதிகளையும் படிக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மற்றும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1 லட்சத்துக்குக் குறைவாக இருந்தால் பிற பிரிவினருக்கும் முழுத் தள்ளுபடி உண்டு. ரூ.1 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரு பங்கு தள்ளுபடி. அதாவது, அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்தவருக்கு என்ஐடியில் ஐந்தாண்டுக் கல்விக் கட்டணம் சுமார் ரூ.2.08 லட்சத்தில் முடிந்துவிடும். வருமானச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது இதற்காகவே.

தனியார் கல்லூரிகளின் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம், ஒதுக்கீட்டுக்கு ஒதுக்கீடு வேறுபடும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காமல், பத்துப் பருவங்களுக்குமான கட்டணத்தை எழுத்துபூர்வமாகக் கேட்டுப் பெறுவது நல்லது.

கட்டணப் பட்டியலில் இடம்பெறாத செலவுகளும் இப்படிப்பில் உண்டு. வரைபலகை, வரைகருவிகள், மாதிரி வடிவங்கள் செய்வதற்கான அட்டைகள், பெரிய அளவிலான அச்சுப்படிகள், கல்விச் சுற்றுலா என ஒவ்வொரு பருவத்திலும் கைப்பணம் கரையும். முப்பரிமாண வரைவு மென்பொருட்களை இயக்கும் திறன் கொண்ட மடிக்கணினியும் தேவை. மென்பொருளுக்குப் பெரும்பாலும் பணம் செலவிட வேண்டியதில்லை. ஆட்டோகேட், ரெவிட் போன்றவற்றை ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு இலவசமாகவே வழங்குகிறது. ஏனைய செலவுகளின் உண்மை நிலவரம் அக்கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் கேட்டால்தான் தெரியவரும்.

கல்விக் கடன்

பிரதமரின் வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. தேசிய தரவரிசையின் அடிப்படையில் தேர்வு செய்யப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேரும் மாணவர்கள் பிணையும் ஜாமீனும் இன்றி இதன்கீழ்க் கடன் பெறலாம். குடும்ப வருமானம் ரூ.8 லட்சம் வரை இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாதவர்களுக்கு, ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு இம்மானியம் வழங்கப்படும். வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்கல்வி பயில்வோருக்கான தனித் திட்டத்தின்கீழ் தவணை ஒத்திவைப்புக் காலத்தின் வட்டி முழுவதையும் அரசே ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேருவோருக்கு வித்யாலட்சுமி திட்டம் பொருந்தாது. பட்டியலில் இல்லாத கல்லூரி என்றாலும், மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதியின்கீழ் ரூ.7.5 லட்சம் வரை பிணையின்றிக் கடன் பெற வழி உள்ளது.

பொறியியலை விட ஓராண்டு கூடுதல் என்பதன் பொருள் வட்டிக் கணக்கில்தான் தெளிவாகத் தெரியும். உதாரணமாக, ஆண்டுத் தொடக்கத்தில் ரூ.1.5 லட்சம் வீதம் 9 சதவீதத் தனிவட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். நான்காண்டுப் படிப்பென்றால் அதற்குள் சேரும் வட்டி ரூ.1.89 லட்சம். ஐந்தாண்டுப் படிப்பில் அது ரூ.2.70 லட்சமாகிறது. 3 சதவீத மானியம் கிடைத்தால் இத்தொகை ரூ.1.80 லட்சமாகக் குறையும். மானியம் தானாக வந்து சேராது. வித்யாலட்சுமி இணையதளத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மடிக்கணினி, கருவிகள், கல்விச் சுற்றுலா, ஆய்வுத் திட்டச் செலவுகளையும் கடன் தொகையில் சேர்க்க வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் இடமளிக்கிறது. இதை அறியாமல் கல்விக் கட்டணத்துக்கு மட்டும் கடன் கேட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் கைமாற்று வாங்கும் நிலைக்குச் சில குடும்பங்கள் தள்ளப்படுகின்றன. கல்லூரியிடம் செலவு மதிப்பீட்டுச் சான்று கேட்கும்போதே இவற்றையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்ல வேண்டும். திருப்பிச் செலுத்தத் தொடங்கிய பின், பழைய வருமான வரி முறையைத் தேர்வு செய்தவர்கள் 80இ பிரிவின்கீழ் எட்டு ஆண்டுகள் வரை வட்டித் தொகைக்கு வரி விலக்குக் கோரலாம்.

இடம் மாறினால் பணம் திரும்புமா?

மாநிலக் கலந்தாய்வில் இடம் கிடைத்துக் கட்டணம் செலுத்திய பின் ஜோசா மூலம் வேறு இடம் கிடைப்பது வழக்கமாக நடப்பதே. 2024-25 கல்வியாண்டில், செப்டம்பர் 30-ஆம் தேதிக்குள் விலகியவர்களுக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் விலகியவர்களுக்கு அதிகபட்சம் ரூ.1,000 மட்டும் பிடித்தம் செய்து மீதியையும் திருப்பித் தர வேண்டும் எனப் பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. இக்காலக்கெடு ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்கள் வசம் வைத்துக்கொள்ளவும் மானியக் குழு தடை விதித்துள்ளது. சேர்க்கையின்போது அசலைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும் என்பதே விதி. நகல்களை மட்டுமே ஒப்படைத்தால் போதும்.